புகை வாடை வீசும் ஐரிஷ் விஸ்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரிஷ் விஸ்கி என்றால் ஜேம்சன், ஜேம்சன் என்றால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவது என்று பழகிப்போன ஒருவருக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கனமாரா என்ற புகை போட்ட ஐரிஷ் விஸ்கியில் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள். கிளாஸை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இதில் என்னத்தைக் கலந்திருக்கிறார்கள்?" என்பார். எதையும் கலக்கவில்லை, பார்லியைக் காயவைத்தது பீட் நெருப்பு, அது அப்படி. இதைப் பல பேருக்குப் பல தடவை விளக்கி அலுத்துவிட்டதால், கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், வேண்டிய கேள்விக்குத் தாவிக்கொள்ளலாம்.

பீட் என்றால் என்ன? மாடித் தோட்டத்துக்கு வாங்கும் கோகோபீட்டா?

இல்லை. ஆனால் கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானதும் இல்லை. சதுப்பு நிலத்தில் செத்துப்போன பாசி, புல், சின்னப் புதர்ச்செடி எல்லாம் முழுசாக மக்க முடியாமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பதுதான் பீட். தண்ணீர் தேங்கி நிற்கும், அமிலத்தன்மை அதிகம், காற்றும் உள்ளே போகாது, அதனால் மக்க வைக்கும் கிருமிகளின் வேலை அங்கே நடப்பதில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சேரும் என்பார்கள், ஆக ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் ஆயிரம் வருடம் கீழே போய்விட்டோம் என்று அர்த்தம். 2003-இல் அயர்லாந்தின் சதுப்புகளில் இரும்புக் காலத்து மனிதர்கள் இருவரின் உடல்கள் கிடைத்தன. ஒன்றில் தலைமுடி அப்படியே இருந்தது, இன்னொன்றில் விரல் நகம்கூடக் கெடவில்லை. அந்த மண்ணில் எதுவும் எளிதில் அழுகாது.

நிலக்கரியாவதற்கு முந்தைய கட்டம் இது. வெட்டிக் காயவைத்தால் அடுப்பில் எரியும். அயர்லாந்துக்காரர்கள் எரிபொருளாக வெட்டியெடுத்ததை டர்ஃப் என்பார்கள். காடுகளை எல்லாம் எப்போதோ அழித்துவிட்ட நாடு, விறகு கிடையாது, டர்ஃப்தான் அடுப்பு. வசந்தம் வந்ததும் ஸ்லான் என்ற, ஓரத்தில் ஒரு இறக்கை வைத்த ஒடுக்கமான மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். வெட்டிய புதிதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், பெரிய செங்கல் அளவில் கறுப்பு அல்வாத் துண்டு மாதிரி வழுவழுவென்று இருக்கும். தரையில் பரப்பி மேல்தோல் காய்ந்ததும், ஐந்தாறு கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்துக் காற்றுப் புகும்படி நிறுத்த வேண்டும். ஏக்கர் கணக்கில் குனிந்தபடியே செய்யும் வேலை, முதுகு ஒடியும். நிறுத்தி முடித்த நாள் மழை வந்தால் வயிறு எரியும்.

கோகோபீட் வேறு. தேங்காய் மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் துகள் அது. ஐரோப்பாவில் நர்சரிக்காரர்கள் செடித்தொட்டிக்குப் பீட்டைத்தான் போட்டு வந்தார்கள். அதற்கு மாற்றாக இந்தத் தேங்காய்த் துகள் பொள்ளாச்சிப் பக்கமிருந்தெல்லாம் கப்பலேறியது, பெயரிலும் 'பீட்' ஒட்டிக்கொண்டது. அதை எரித்து விஸ்கிக்குப் புகை போட்டால் என்ன வாடை வரும் என்று எனக்கே ஆசைதான், ஆனால் அது இன்னொரு கட்டுரை.

அந்தப் புகை விஸ்கிக்குள் எப்படிப் போகிறது?

பார்லியை இரண்டு நாள் போல விட்டுவிட்டு ஊறவைக்கிறார்கள், நான்கைந்து நாள் முளைவிட விடுகிறார்கள். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டுவது மாதிரிதான். முளை இன்னும் வளர்ந்தால் தானியத்தில் உள்ள மாவுச்சத்தை அதுவே தின்றுவிடும் என்பதால் சூடு காட்டிக் காயவைத்து வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். இப்படிக் காய்ந்ததுதான் மால்ட். காயவைக்கும் சூளையில் என்ன எரிகிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மொத்த விவகாரமும் இருக்கிறது.

இன்றைய சூளைகளில் சூடான காற்று மட்டும் வரும், புகை வராது, மால்ட்டில் பிஸ்கட் வாசம்தான் இருக்கும். பீட்டை எரித்து அந்தப் புகையைத் தானியத்துக்குள் விட்டால், புகையிலிருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் உமியில் போய் ஒட்டிக்கொள்ளும். தானியம் ஈரமாக இருக்கும்போதுதான் நன்றாக ஒட்டும், அதனால் காயவைப்பதன் ஆரம்பத்திலேயே புகை போட்டுவிட்டு, மிச்சத்தைச் சூடான காற்றால் முடிப்பார்கள். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், நெருப்பு கொழுந்துவிட்டு எரியக் கூடாது, புகைந்துகொண்டே இருக்க வேண்டும்.

"பீட் நிலம் வழியாக ஓடிவரும் தண்ணீரால்தான் புகைச் சுவை வருகிறது" என்று புட்டி அட்டைகளில் கவித்துவமாக எழுதுவார்கள். அந்தத் தண்ணீர் தேநீர் நிறத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். எரிக்காத பீட்டில் புகை ஏது?

ஐரிஷ் விஸ்கியில் புகையே கிடையாது, ஸ்காட்சில்தான் உண்டு என்கிறார்களே?

இதற்குத்தான் நீளமான பதில், ஏனென்றால் இது பாதி உண்மை, மீதி விளம்பரம்.

நாடு முழுக்க டர்ஃப் அடுப்பு எரிந்த காலத்தில், கிராமத்தில் சாராயம் காய்ச்சியவன் மால்ட்டை வேறு எதில் காயவைத்திருப்பான்? 1661-இல் அரசு வரி போட்ட பிறகு, வரி கட்டாமல் காய்ச்சியதெல்லாம் கள்ளச்சாராயமாகிவிட்டது. அதற்குப் பெயர் போச்சீன், 'சின்னப் பானை' என்று பொருள். மலைச்சரிவுகளிலும் சதுப்பு ஓரங்களிலும் டர்ஃப் நெருப்பில் காய்ச்சினார்கள், அதிகாரிகள் தேடி வந்தார்கள், அடிதடி நடந்தது. இனியஸ் காஃபி என்ற சுங்க அதிகாரியை 1810-இல் டொனகலில் ஒரு கும்பல் துப்பாக்கி ஈட்டியால் குத்திக் குற்றுயிராக விட்டுவிட்டுப் போனது. அந்த மனிதர் பிழைத்து, இருபது வருடம் கழித்து 1830-இல், இடைவிடாமல் வடிக்கும் கோபுர வடிகலனுக்குக் காப்புரிமை வாங்கினார். டப்ளின் முதலாளிகள் அதைச் சீந்தவில்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் வாரி எடுத்துக்கொண்டார்கள். சரி, கதை வேறெங்கோ போகிறது.

நகரத்து டிஸ்டிலரிகள் வேறு வழியில் போயின. டப்ளின் துறைமுகத்தில் பிரிட்டனிலிருந்து நிலக்கரி வந்து இறங்கியது. கப்பலில் வந்து இறங்கும் கரி இருக்கும்போது, ஈரம் காயாத டர்ஃபை வண்டி வண்டியாக இழுத்துவர யாருக்கும் தோன்றாது. கூடவே 1785-இல் மால்ட்டுக்கு வரி. முளைகட்டிய பார்லிக்கு வரி என்றால் முளைகட்டாத பார்லியையும் சேர்த்துக் காய்ச்சு என்று ஆரம்பித்ததுதான் பாட் ஸ்டில் விஸ்கி பெருகிய கதை. மால்ட் பங்கு குறையக் குறையப் புகை ஒட்டிக்கொள்ளும் இடமும் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் புகழ்பெற்ற டப்ளின் விஸ்கி இந்த நகரத்து விஸ்கிதான்.

அப்புறம் எல்லாம் சரிந்தது. அமெரிக்க மதுவிலக்கு, விடுதலைக்குப் பின் பிரிட்டனோடு வணிகச் சண்டை, ஸ்காட்ச் பிளெண்டுகளின், அதாவது கலப்பு விஸ்கிகளின், எழுச்சி. 1966-இல் ஜேம்சன், பவர்ஸ், கார்க் டிஸ்டிலரீஸ் என்ற மூன்று கம்பெனிகளும் சேர்ந்து ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் ஆயின, 1972-இல் புஷ்மில்ஸும் உள்ளே வந்தது. 1980-களின் நடுவில் மொத்தத் தீவிலும் மிட்டில்டன், புஷ்மில்ஸ் என்று இரண்டே இடங்களில் காய்ச்சினார்கள், இரண்டுக்கும் ஒரே முதலாளி. ஸ்காட்ச்சிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட அந்தக் கம்பெனிக்கு ஒரு வாசகம் தேவைப்பட்டது. மூன்று முறை வடித்தது, பீட் இல்லாதது, வழவழப்பானது. ஒரு கம்பெனியின் பாணி ஒரு நாட்டின் மரபாகிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த வாசகம் இல்லாவிட்டால் ஐரிஷ் விஸ்கியே மிஞ்சியிருக்குமோ என்னவோ. ஆனால் 'ஐரிஷ் என்றால் புகை கூடாது' என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

சட்டம் என்னதான் சொல்கிறது?

அயர்லாந்துத் தீவில் வடித்திருக்க வேண்டும், வடக்கு அயர்லாந்தும் இதில் சேர்த்தி. அங்கேயே 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடக்க வேண்டும். ஆல்கஹால் அளவு வடிக்கும்போது 94.8 சதவீதத்துக்குக் கீழே, புட்டியில் 40 சதவீதத்துக்குக் குறையாமல். மூன்று முறை வடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மால்ட்டுக்குப் பீட் புகை போடலாம்.

அப்படியானால் புகையைத் திரும்பக் கொண்டுவந்தது யார்?

ஜான் டீலிங் என்ற தொழிலதிபர். 1987-இல் லௌத் மாவட்டத்தில், கூலி தீபகற்பத்தில், உருளைக்கிழங்கிலிருந்து ஆல்கஹால் எடுத்துக்கொண்டிருந்த அரசாங்கத்தின் பழைய ஆலையை வாங்கி விஸ்கி டிஸ்டிலரியாக மாற்றினார். பெயரைப் பார்த்துவிட்டுக் கூலி வேலை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. பெரிய கம்பெனி செய்யாததை எல்லாம் செய்து பார்ப்பது என்பதுதான் அவருடைய வழி. மூன்று முறைக்குப் பதில் இரண்டு முறை வடித்தார், பீட் போட்டார். 1990-களின் நடுவில் கனமாரா பீட்டட் சிங்கிள் மால்ட் கடைக்கு வந்தது. 2012-இல் கூலி டிஸ்டிலரி அமெரிக்காவின் பீம் கம்பெனிக்குப் போனது, 2014-இல் பீமையே ஜப்பானின் சன்டோரி வாங்கியது. டீலிங் சும்மா இருக்கவில்லை, டன்டாக் நகரில் பழைய பீர் ஆலை ஒன்றில் கிரேட் நார்தர்ன் டிஸ்டிலரியைத் தொடங்கினார். அங்கே பீட் மால்ட்டும் காய்ச்சுகிறார்கள், அது வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு புட்டிகளில் வருகிறது. அட்டையில் பெரிதாக ஏதாவது கோட்டைப் படம் போட்டிருந்தாலும் காய்ச்சிய இடம் அதுவாக இருக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். கனமாரா என்பது நாட்டின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தில், டர்ஃபுக்குப் பேர்போன இடம். விஸ்கி காய்ச்சியது கிழக்குக் கரையில். பெயர் மட்டும்தான் அந்த ஊரு.

குடித்தால் எப்படி இருக்கும்?

கனமாராவையே எடுத்துக்கொள்வோம். முதல் மோப்பத்தில் பச்சை ஆப்பிள், தேன், கொஞ்சம் வைக்கோல், அதன் பின்னாலேயே புகை. நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இல்லை, நாலு வீடு தள்ளி யாரோ காய்ந்த சருகைக் கொளுத்தியிருக்கிறார்கள், சாயங்காலக் காற்றில் அது வருகிறது, அந்த மாதிரி. வாயில் மால்ட் இனிப்புதான் முதலில், புகை விழுங்கிய பிறகு மேலண்ணத்தில் சாம்பல் போலத் தங்கும்.

இதை ஒரு தடவை ராத்திரி குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவச் சோம்பேறித்தனப்பட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எடுத்து முகர்ந்தால் பழ வாசம், தேன், ஆல்கஹால் எதுவும் இல்லை. கிளாஸின் அடியில் ஒரு பழுப்பு வட்டம், அதில் அணைத்து நெடுநேரமான விறகடுப்பின் வாடை மட்டும். பீட் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மற்றதெல்லாம் பறந்துவிடும், அது மட்டும் போகாது. புதிதாகக் குடிப்பவர்களுக்கு இப்போதெல்லாம் இந்தச் சோதனையைத்தான் சொல்கிறேன், பைசா செலவில்லை.

ஐலா ஸ்காட்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஐலா என்பது ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள தீவு. லாஃப்ரோய்க், ஆர்ட்பெக், லாகவூலின் எல்லாம் அங்கே. அவற்றைக் குடித்தவர்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் "ஆஸ்பத்திரி". டெட்டால், கட்டுத்துணி, அயோடின், தார், கருவாட்டுக் கூடை, இப்படி. ஐரிஷ் பீட் விஸ்கியில் இந்த மருந்து வாடை பொதுவாகக் குறைவு, மண்ணும் விறகுப் புகையும் அதிகம்.

ஏன் என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பீட் எந்தச் செடியால் ஆனதோ அந்தச் செடியின் புகைதான் வரும். ஐலாவில் கடலோரப் பாசி, மரம் இருந்த இடங்களில் மரச்சிதைவு, ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் ஹெதர் புதர். ஆனால் இதைவிடப் பெரிய காரணம் வடிப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி. பானையில் காய்ச்சும்போது முதலில் பழ வாசம் தரும் லேசான பொருள்கள் ஏறிவரும், ஃபீனால்கள் கனமானவை, வால்பக்கம் வரும். வடிப்பவர் எந்த நேரத்தில் "போதும்" என்று குழாயைத் திருப்புகிறார் என்பதில்தான் புகை எவ்வளவு புட்டிக்கு வரும், எப்படிப்பட்ட புகை வரும் என்பது முடிவாகும். சீக்கிரம் திருப்பினால் மெல்லிய, இனிப்போடு வரும் புகை. தாமதித்தால் தார், தோல், மருந்து. ஐரிஷ்காரர்கள் பழ வாசத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அதனால் சீக்கிரம் திருப்புவார்கள் என்று பொதுவாகச் சொல்லலாம். விதிவிலக்கு உண்டு.

இதை வைத்து 'ஐரிஷ் பீட் என்றால் லேசு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கனமாராவிலேயே டர்ஃப் மோர் என்று ஒன்று விட்டார்கள், குடித்தவர்கள் யாரும் லேசு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிபிஎம் என்று எண் போடுகிறார்களே, அதைப் பார்த்து வாங்கலாமா?

பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்ற கணக்கு. லாகவூலின் 35 வாக்கில், ஆர்ட்பெக் 50-க்கு மேல், ஆக்டோமோர் நூறைத் தாண்டும். எண்ணைப் பார்த்ததும் மிளகாய் காரம் மாதிரி ஒப்பிடத் தோன்றும். ஆனால் இது மால்ட்டில் அளந்த எண், கிளாஸில் அளந்தது இல்லை. மால்ட்டை அரைத்துச் சுடுதண்ணீரில் கரைக்கும்போது கொஞ்சம் உமியோடே போகும், நொதிக்கும்போது கொஞ்சம், வடிக்கும்போது நிறைய, பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும்போது இன்னும் கொஞ்சம்.

நல்ல உதாரணம் ஐலாவிலேயே இருக்கிறது. லாகவூலின், கல் ஈலா இரண்டுக்கும் மால்ட் ஒரே இடத்திலிருந்து, போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து, ஏறக்குறைய ஒரே பிபிஎம்மில் வருகிறது. குடித்துப் பாருங்கள், ஒன்று கெட்டியான, எண்ணெய்ப் பசையுள்ள புகை, மற்றது எலுமிச்சையும் சாம்பலும். பானையின் உருவமும் குழாயைத் திருப்பும் நேரமும் செய்த வேலை. ஆகவே எண்ணைப் படியுங்கள், நம்பி ஏமாறாதீர்கள்.

மூன்று முறை வடித்தால் புகை காணாமல் போய்விடாதா?

போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டப்ளினில் 2015-இல் திறந்த டீலிங் டிஸ்டிலரி, அதாவது மேலே சொன்ன ஜான் டீலிங்கின் மகன்கள் ஜாக், ஸ்டீபன் இருவரும் தொடங்கியது, 2020-இல் பிளாக்பிட்ஸ் என்ற சிங்கிள் மால்ட்டை விட்டது. 55 பிபிஎம் மால்ட், மூன்று முறை வடித்தது, அமெரிக்க போர்பன் விஸ்கிப் பீப்பாயிலும் சோடெர்ன் இனிப்பு ஒயின் பீப்பாயிலும் வைத்தது, 46 சதவீதம். பெயர் டிஸ்டிலரிக்குப் பின்னால் இருக்கும் தெருவுடையது, அந்தக் காலத்தில் மால்ட் ஆலைகள் இருந்த பகுதி.

ஆர்ட்பெக் அளவு எண், ஆனால் கிளாஸில் ஆர்ட்பெக் இல்லை. சுட்ட அன்னாசி, பேரிக்காய், கிராம்பு, கடைசியில் கரியில் வாட்டிய எதுவோ. மூன்றாவது தடவை வடிக்கும்போது ஆல்கஹால் அளவு இன்னும் மேலே ஏறுகிறது, கனமான ஃபீனால்கள் பின்தங்குகின்றன, லேசானவை மட்டும் தப்பித்து வருகின்றன. புகை போகவில்லை, ஆள் மாறி வருகிறது. ஐரிஷ் பீட் விஸ்கிக்குத் தனி முகம் என்று ஒன்று உண்டென்றால் எனக்கு அது கனமாராவைவிட இதில்தான் தெரிகிறது. கனமாராவை இரண்டு தடவைதான் வடிக்கிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் ஸ்காட்லாந்தின் மென்மையான பீட் மால்ட் என்று சொல்லிவிடலாம். பிளாக்பிட்ஸை அப்படிச் சொல்ல முடியாது.

மற்ற ஐரிஷ் வகைகளோடு ஒப்பிட்டால்?

சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கிள் மால்ட் என்றால் முழுக்க முளைகட்டிய பார்லி, ஒரே டிஸ்டிலரி, பானை வடிகலன். புஷ்மில்ஸ் மால்ட்டுகள் இந்த வகை, புகை இல்லாதவை, தேனும் பழமும். பாட் ஸ்டில் என்றால் குறைந்தது 30 சதவீதம் மால்ட், குறைந்தது 30 சதவீதம் முளைகட்டாத பார்லி. ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட் எல்லாம் இது. முளைகட்டாத பார்லியால் வாயில் ஒரு எண்ணெய்ப் பசை, மிளகு மாதிரி ஒரு சுருக், அயர்லாந்துக்கே உரிய ருசி. கிரெய்ன் என்றால் சோளம் போன்ற தானியங்களைக் கோபுர வடிகலனில் காய்ச்சியது, லேசானது. இவற்றைக் கலந்தது பிளெண்டட், ஜேம்சன் அதுதான்.

பீட் என்பது இதில் ஐந்தாவது வகை இல்லை, கவனியுங்கள். எந்த வகைக்கும் புகை போட்ட மால்ட்டைச் சேர்க்கலாம். கில்பெகன் பிளாக் லேசாகப் பீட் போட்ட பிளெண்டு. டௌன் மாவட்டத்தில் மோர்ன் மலையடிவாரத்தில் கில்லோவென் என்ற குட்டி டிஸ்டிலரி, பானைக்கு அடியில் நேரடியாக நெருப்பு வைத்துக் காய்ச்சுகிறது, பீட் மால்ட்டில் போச்சீன்கூடப் போடுகிறது. போச்சீன் 1997-லிருந்து சட்டப்படி விற்கலாம், அதனால் பயப்பட வேண்டாம்.

எரிக்கும் பீட்டாவது அயர்லாந்துடையதா?

பல புட்டிகளில் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. அயர்லாந்தில் பெரிய மால்ட் ஆலைகள் புகை போடுவதை விட்டுப் பல காலமாயிற்று, மால்ட் வாங்கும் பீர்க்காரர்களுக்கும் மற்ற விஸ்கிக்காரர்களுக்கும் அந்த வாடை ஒட்டினால் ஆகாது. ஆகவே பீட் மால்ட் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்துக்கு ஆர்டர் போடுவதுதான் வழக்கம். அதாவது ஐரிஷ் விஸ்கியிலிருக்கும் புகை, ஸ்காட்லாந்து மண்ணின் புகை. உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது, பெங்களூரு அம்ருத்தும் பீட் விஸ்கிக்குப் புகை போட்ட பார்லியை ஸ்காட்லாந்திலிருந்துதான் வரவழைக்கிறது.

இதை மாற்றிப் பார்த்தவர் வாட்டர்ஃபோர்ட் டிஸ்டிலரியைத் தொடங்கிய மார்க் ரெய்னியர். கில்டேர் மாவட்டத்துப் பாலிடீக் சதுப்பிலிருந்து பீட், ஒரே பண்ணையில் விளைந்த ஐரிஷ் பார்லி. வேடிக்கை என்னவென்றால் உள்ளூரில் புகை போட்டுத் தர ஆள் இல்லாததால் இரண்டையும் ஸ்காட்லாந்துக்கு அனுப்பி மால்ட்டாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த விஸ்கிகளில் ஃபெனிஸ்கோர்ட் 38 பிபிஎம், வுட்புரூக் 47 பிபிஎம், இரண்டிலும் ஆல்கஹால் 50 சதவீதம். எனக்கு வந்தது கடல் வாடையே இல்லாத, வெந்த தானியமும் ஈர மண்ணும் கலந்த ஒரு புகை. கோடை மழைக்குப் பின் சூளையடியில் நின்ற மாதிரி. 2024 நவம்பரில் அந்தக் கம்பெனி கடன் சிக்கலில், கடனை வசூலிக்க நியமிக்கப்படும் ரிசீவர் கைக்குப் போனது, அதனால் கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

பீட் மால்ட் இல்லாமலும் புகை வருமாமே?

வரும், பீப்பாய் வழியாக. ஐலா விஸ்கி இருந்த காலிப் பீப்பாயில் புகையில்லாத ஐரிஷ் விஸ்கியைச் சில மாதம் ஊற்றி வைத்தால் மரத்தில் ஊறியிருந்தது இறங்கும். வெஸ்ட் கார்க் டிஸ்டில்லர்ஸ் இன்னொரு வேலை செய்தார்கள், பீப்பாயின் உட்புறத்தையே பீட் நெருப்பில் கருக்கிவிட்டு அதில் விஸ்கியை வைத்தார்கள். இப்படி வரும் புகை மேலாகத் தூவினது மாதிரி, முதல் மடக்கில் நன்றாகத் தெரியும், மூன்றாவது மடக்கில் தேட வேண்டியிருக்கும். மால்ட்டிலிருந்து வருவது அடியிலிருந்து வரும். சாம்பாரில் பெருங்காயம் வேகும்போதே போட்டதற்கும் இறக்கும்போது தூவியதற்கும் உள்ள வித்தியாசம்.

எப்படிக் குடிப்பது?

உங்கள் இஷ்டம். ஐஸ் போட்டால் பழ வாசம் அடங்கிப் புகையும் கசப்பும் மட்டும் நிற்கும், அதனால் நான் போடுவதில்லை. ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குறிப்பாக ஆல்கஹால் 46 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றில், புகை கொஞ்சம் விலகிப் பின்னாலிருக்கும் இனிப்பு தெரியும். கோலா ஊற்றுபவர்களோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். ஒரே ஒரு எச்சரிக்கை, வரிசையாக நாலைந்து விஸ்கி ருசிப்பதாக இருந்தால் பீட் புட்டியைக் கடைசியில் எடுங்கள், அதற்குப் பிறகு வரும் எதுவும் ருசிக்காது.

முதலில் எதில் தொடங்கலாம்?

ஜேம்சன் பிடித்தவர் என்றால் கில்பெகன் பிளாக், பிறகு கனமாரா. ஐலா குடித்துப் பழகியவர் கனமாராவைக் குடித்துவிட்டு "இவ்வளவுதானா?" என்பார், அவருக்கு நேராக பிளாக்பிட்ஸ். புகை வாடையே ஆகாது என்பவர்கள் வற்புறுத்திக் குடிக்க வேண்டியதில்லை, ரெட்பிரெஸ்ட் இருக்கிறது, அதைவிட நல்ல ஐரிஷ் விஸ்கி குறைவு.

பீட் வெட்டுவது பூமிக்குக் கேடு இல்லையா?

கேடுதான். பீட் நிலம் கரியமில வாயுவை ஆயிரக்கணக்கான வருடம் பிடித்து வைத்திருக்கும் கிடங்கு. வடிகால் வெட்டிக் காயவிட்ட உடனே அது வெளியேற ஆரம்பிக்கும். அயர்லாந்தில் 1946-இல் தொடங்கிய அரசு நிறுவனம் போர்ட் நா மோனா, பல பத்தாண்டுகள் பீட்டை இயந்திரங்களால் சுரண்டி மின்சாரத்துக்கு எரித்தது. 2021 ஜனவரியில் வெட்டுவதை முற்றிலும் நிறுத்துவதாக அறிவித்து, அதே சதுப்புகளுக்குத் திரும்பத் தண்ணீர் விடும் வேலையில் இறங்கியது. 2022 அக்டோபர் இறுதியிலிருந்து கடைகளில் டர்ஃப் விற்கத் தடை. பரம்பரை வெட்டும் உரிமை உள்ளவர்கள் தங்களுக்கு வெட்டிக்கொள்ளலாம், கிராமங்களில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது.

மின்நிலையமும் அடுப்பும் நர்சரியும் தின்றதோடு பார்த்தால் விஸ்கிக்குப் போவது ஒரு சிட்டிகை. ஆனால் சிட்டிகை என்பதற்காகக் கணக்கில் வராது என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மில்லிமீட்டர் சேர ஒரு வருடம் ஆகும் பொருளை எரித்துத்தான் இந்த வாசம் வருகிறது. அது தெரிந்தே குடிக்கிறேன், கொஞ்சமாக ஊற்றிக்கொள்கிறேன்.

பெயரில் ஒரு எழுத்து கூடுதலாகப் போடுகிறார்களே?

ஆங்கிலத்தில் எழுதும்போது ஐரிஷ்காரர்கள் கடைசி எழுத்துக்கு முன் ஒரு 'ஈ' சேர்ப்பார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் சேர்ப்பதில்லை. ஐரிஷ் விதிகளின்படி எப்படி எழுதினாலும் செல்லும், வாட்டர்ஃபோர்ட் 'ஈ' இல்லாமல்தான் எழுதியது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை.

திறந்து வைத்த புட்டியில் புகை குறைந்துபோகுமா?

குறையும். புட்டி நிறைய இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது, பாதிக்குக் கீழே வந்து ஆறேழு மாதம் அலமாரியில் நின்றால் புகை மழுங்கி இனிப்பு மேலே வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்காது, அதனால் கால் புட்டிக்கு வந்ததும் சின்னப் புட்டிக்கு மாற்றி விளிம்புவரை நிரப்பி மூடிவிடுவேன். இருமல் மருந்து புட்டியை மட்டும் அதற்கு எடுக்காதீர்கள், எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது, அப்புறம் கனமாராவும் லாஃப்ரோய்க் மாதிரி ஆகிவிடும்.